கைஸருக்குச் சொல்லாத சொல்

டன்கார்ன் தோட்டம், மேல்பிரிவு,
அக்கரப்பத்தனை.
21-11-1954

நாகலெட்சுமிக்கு வீரய்யா எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம். நாயும் சுகம். நீயும் பிள்ளையும் சுகமாக இருப்பதாக உங்கள் தோட்டத்து ஆள் ஒருவரைத் தலவாக்கலைச் சந்தையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கட்டின பெண்டாட்டியின் சுகத்தை ஊரான் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது.

பிள்ளையின் காதுகுத்துக்கு நான் வராமல் போனது தப்புத்தான். அதற்காக உன் அப்பன் வீட்டிலேயே தங்கிவிடுவதா? நான் என்ன சீட்டாடிக்கொண்டா இருந்தேன்? தீபாவளி கழிந்த ஞாயிறு, விடியவே குளித்து, புதுவேட்டி கட்டி, பிள்ளைக்கு எடுத்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்குகிறேன், பங்களாவில் சமைக்கிற அப்பு மேலேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே ஓடிவருகிறார். "வீரய்யா, நில்லு! கொழும்பு ரயில்ல நாய்க்குட்டி வருதாம். தொரை ஒன்னையத்தான் ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னாரு." நான் என்ன செய்ய? புதுவேட்டியோடு போய்ப் பெட்டியை இறக்கினேன். லொறியில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் மூத்திரம். அந்த வேட்டி இன்னும் வெளுக்கவில்லை.

அது ஜெர்மனி நாட்டுச் சாதி நாய். கொழும்பில் தேயிலை வாங்குகிற ஒரு ஜெர்மன்காரர் நம் துரைக்குக் கொடுத்தது. பெயர் கைஸர். லயத்தில் எல்லோரும் கேசரி என்கிறார்கள். துரைக்கு அதில் ஒரு யோசனை இருக்கிறது. தோட்டத்தில் எல்லோருக்கும் தமிழ் தெரியும், கிளாக்கர்மாருக்கு இங்கிலீஷும் தெரியும், காவல்நாய் கண்டவன் சொல்லுக்கெல்லாம் அடங்கக் கூடாது, ஆகவே இது ஜெர்மன் பாஷைக்கு மட்டும்தான் அடங்க வேண்டுமாம். ஐந்து சொல்லைக் காகிதத்தில் எழுதி என் கையில் கொடுத்துவிட்டு லீவில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். மார்ச் மாதம் வருவார். அதற்குள் நாய் படித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பங்களா வேலைக்கு வேறு ஆள்.

இனி வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அந்தக் காகிதத்தை இரண்டாம் நாளே நாய் தின்றுவிட்டது. உட்கார், படு, விடு, பக்கத்தில் நட, வா. ஐந்துக்கும் அர்த்தம் எனக்குத் தெரியும். சொல் நாயின் வயிற்றில் இருக்கிறது. கிளாக்கர் ஐயா ஒருதரம் வாசித்துக் காட்டினார், அவருக்கும் இப்போது ஞாபகமில்லையாம்.

யுத்த காலத்தில் ஜெர்மன்காரர்களைத் தியத்தலாவை முகாமில் அடைத்துவைத்திருந்தார்களே, அங்கே உன் அப்பா குசினியில் சமையலுக்கு இருந்தவர். அவருக்குத் தெரிந்திருக்கும். கேட்டு எழுது. நான் கேட்டதாகச் சொல்லாதே.

உடனே எழுது. நீயும் எப்போது வருகிறாய் என்று எழுது.

வீரய்யா


மார்ல்வுட் தோட்டம்,
பொகவந்தலாவை.
2-12-1954

மச்சானுக்கு நாகலெட்சுமி எழுதுவது.

நாய் சுகம் என்று அறிந்து சந்தோஷம். பிள்ளையும் சுகம். காது ஆறிவிட்டது. நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

அன்றைக்கு இங்கே என்ன நடந்தது தெரியுமா? கோயில் வாசலில் இலை போட்டாயிற்று. காது குத்துகிற ஆசாரி காலையில் வந்து பதினொரு மணி வரை காத்திருந்தார். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் அப்பா பாதைக்கு ஓடினார். கடைசியில் நீங்கள் இல்லாமலேயே குத்தினோம். பிள்ளை வீறிட்டாள். "மாப்பிள்ளைக்குக் காய்ச்சலுங்க" என்று அப்பா எல்லோரிடமும் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் உங்கள் தோட்டத்து ஆள் வந்து உட்கார்ந்து, "வீரய்யா ஸ்டேஷன்ல நாய்ப்பெட்டியோட நிக்கிறாருங்களே!" என்று சத்தமாகச் சொன்னார். பந்தியே சிரித்தது. அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

துரையை எதிர்த்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாலு ஆள் வேலை செய்கிற பங்களா. "இன்னைக்கு எம்புள்ளைக்குக் காதுகுத்து, வேற யாரையாச்சும் அனுப்புங்க" என்று அந்த அப்புவிடமாவது ஒரு வார்த்தை சொன்னீர்களா? சொல்லி, அவர்கள் முடியாது என்றிருந்தால் என் கோபம் அவர்கள்மேல் போயிருக்கும். நீங்கள் வாயைத் திறக்கவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே கேளுங்கள். நான் வர வேண்டுமானால் நீங்கள் வாய் திறந்து லீவு கேட்டு, நீங்களே வந்து கூட்டிப்போக வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது.

அப்பாவிடம் கேட்டேன். யாருக்கு என்று கேட்காமலே அவருக்கு விளங்கிவிட்டது. "அந்த நாய்க்கா?" என்று எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு அவரே சொன்னார். முகாமில் ஒரு கப்பல் மாலுமி ஒரு தெருநாயை வளர்த்தானாம். தினமும் குசினி வேலியோரம் வைத்துப் பழக்குவானாம். அப்பா இரண்டு வருஷம் வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்திருக்கிறார். ஐந்து சொல்லும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. இப்போது எனக்கும் தெரியும்.

ஆனால் ஒவ்வொன்றாகத்தான் தருவேன். மொத்தமாகத் தந்தால் அப்புறம் நீங்கள் கடிதம் போட மாட்டீர்கள்.

உட்கார் என்பதற்கு ஸிட்ஸ்.

நாகலெட்சுமி


டன்கார்ன் தோட்டம்
19-12-1954

நாகலெட்சுமிக்கு,

ஒரு சொல் தந்ததற்கு உபகாரம். அந்த ஒரு சொல்லோடு நான் படுகிற பாடு போதும்.

தினமும் காலையில் நூறு தரம், சாயந்தரம் நூறு தரம் ஸிட்ஸ், ஸிட்ஸ் என்கிறேன். நாய் என் முகத்தைப் பார்க்கிறது, காதைச் சொறிகிறது, கோழியைத் துரத்தப் போய்விடுகிறது. என் செருப்பில் ஒன்றைத் தின்றுவிட்டது. மற்றதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பனியில் வெறுங்காலோடு நிற்கிறேன். தொண்டை கட்டிவிட்டது.

நான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று உன் அப்பா நினைப்பார். பங்களா முற்றத்தில் செய்கிற வேலை இது. துரைக்குப் பதிலாக இருக்கிற சின்னதுரை வராந்தாவில் உட்கார்ந்து பார்க்கிறார். எப்படி நிற்க வேண்டுமோ அப்படித்தான் நிற்கிறேன். தலைப்பாவைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொஞ்சம் குனிந்து, சத்தம் போடாமல் சொல்கிறேன். சில வேளை வாய் தவறி "ஸிட்ஸுங்க" என்றும் வந்துவிடுகிறது. துரை வீட்டு நாயல்லவா.

நீ சொன்னபடி லீவு கேட்கவும் போனேன். நம்பு. போன செவ்வாய்க்கிழமை ஆபீஸ் ஜன்னலடியில் போய் நின்றேன். சின்னதுரை நிமிர்ந்து, "என்னா?" என்றார். என் வாயிலிருந்து, "நாய்க்கு எறச்சி பத்தலைங்க" என்றுதான் வந்தது. மறுநாளிலிருந்து நாய்க்கு இறைச்சி கூடுதலாக வருகிறது.

நீ சிரிப்பாய். சிரி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை முடிந்து காம்பராவுக்குப் போனால் அடுப்பு அப்படியே கிடக்கிறது. நானே பற்றவைத்து, நானே ரொட்டி சுட்டு, நானே தின்கிறேன். அதிலும் ரொட்டி கருகுகிறது.

அடுத்த சொல்லை அனுப்பு.

வீரய்யா


மார்ல்வுட் தோட்டம்
3-1-1955

மச்சானுக்கு,

சிரித்தேன். பிறகு அழுதேன். நாய்க்கு இறைச்சி கேட்கத் திறக்கிற வாய் பெண்டாட்டி பிள்ளைக்கென்றால் பூட்டிக்கொள்கிறதே, அதற்கு என்ன மருந்து?

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்தேன். "மந்திரம் சொல்ற மாதிரி நூறு தடவ சொன்னா நாய் என்ன செய்யும்? ஒரு தடவ சொல்லணும். ரொட்டித் துண்ட மூக்குக்கு மேல தூக்கிப் புடிக்கணும். அது அண்ணாந்து பாக்கும்போது தானா குந்தும். குந்துனதும் குடுக்கணும்" என்றார். அவர் சொல்லியபடியே எழுதுகிறேன். உங்கள்மேல் கோபம் குறைந்துவிட்டதாக நினைக்காதீர்கள். நாயைப் பற்றிப் பேசினால் மட்டும் அவருக்கு முகாம் ஞாபகம் வந்துவிடுகிறது. இப்போது கோழியைக்கூட அந்தப் பாஷையில்தான் கூப்பிடுகிறார். பிள்ளை அதைக் கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறாள். அவள் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

நான் இங்கே சும்மா இருந்து தின்னவில்லை. அப்பா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டுக் கூடையைக் கட்டிக்கொண்டு ஏறுகிறேன். நிரையில் நிற்கும்போது பக்கத்துப் பெண்கள் கேட்கிறார்கள், "ஒங்க வீட்டுக்காரரு எப்ப வர்றாரு?" நான், "நாய் படிச்சு முடிச்சதும்" என்கிறேன். அவர்களுக்கு விளங்குவதில்லை. எனக்குந்தான்.

செருப்புப் போனதற்காக இரண்டு சொல் தருகிறேன். படு என்பதற்கு ப்ளாட்ஸ். வாயில் கவ்வியதை விடு என்பதற்கு அவுஸ்.

வா என்பதைக் கடைசியில்தான் தருவேன். லீவு கேட்டுவிட்டேன் என்று எழுதுங்கள், அன்றைக்கே எழுதி அனுப்புகிறேன்.

நாகலெட்சுமி


டன்கார்ன் தோட்டம்
30-1-1955

நாகலெட்சுமிக்கு,

நாய் உட்கார்ந்துவிட்டது!

மாமா சொன்ன ரொட்டி வித்தைதான். தைப்பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் முதல்தரம் உட்கார்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்போது ரொட்டியும் வேண்டியதில்லை. சொல் என் வாயை விட்டு வருமுன்னே உட்கார்ந்துவிடுகிறது, அவ்வளவு புத்தி. இன்னும் கொஞ்சம் குனிந்து ப்ளாட்ஸ் என்றால் படுத்தும்விடுகிறது. சின்னதுரை வராந்தாவிலிருந்து கைதட்டினார். அவர் என்னைப் பார்த்துக் கைதட்டியது இதுதான் முதல்தடவை.

ஆனால் வா என்ற சொல் இல்லாமல் நான் சாகிறேன். கட்டை அவிழ்த்தால் பாய்ந்துவிடுகிறது. கூப்பிட வழியில்லை. தமிழில் கூப்பிட்டால் சின்னதுரை ஏசுகிறார். போன வெள்ளிக்கிழமை ஏழாம் நம்பர் மலைக்குள் பூந்துவிட்டது. நான் தேயிலைக்குள் விழுந்தெழும்பி ஓடுகிறேன், கால் முழுக்கக் கீறல், கொழுந்தெடுக்கிற பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரிக்கிறார்கள். "என்னண்ணே, கேசரிக்குக் காது கேக்காதா, ஒங்களுக்கு வாய் இல்லியா?" என்று ஒருத்தி கேட்டாள். கங்காணி முத்துலிங்கமும் சிரித்தார். கடைசியில் நாயே பசித்து வந்து சேர்ந்தது.

இன்னொன்று. கிளாக்கர் கணேசமூர்த்தி ஐயா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். நீ காலைப் பெரட்டில் ஆள்களோடு நின்று பேர் கொடுத்து மூன்று மாதமாகிறது. ஏப்ரல் பதினைந்துக்குள் வந்து நிற்காவிட்டால் செக்ரோல் புத்தகத்தில் உன் பேரை வெட்டிவிடுவார்களாம். வெட்டினால் நீ இந்தத் தோட்டத்து ஆளில்லை. தனியாளுக்குக் காம்பரா இல்லை என்று அதையும் எடுத்துவிடுவார்கள். நான் நாலு இளவட்டத்தோடு ஒரு காம்பராவில் முடங்க வேண்டியதுதான். அதற்குப் பிறகு நீ எங்கே வருவாய்? என் தலைமேலா?

எனக்குக் கோபம் வருகிறது, நாகலெட்சுமி. மருந்துக்கடையில் குளிசை எண்ணிக் கொடுப்பதுபோல் சொல்லை எண்ணி எண்ணிக் கொடுக்கிறாய். நீயும் உன் அப்பனும் சேர்ந்துகொண்டு என்னை ஆட்டிவைக்கிறீர்கள். நான் உனக்குப் புருஷனா, இல்லை நானும் நாயா? கங்காணியின் பெண்சாதி வேலாயி அக்கா வருகிற ஞாயிறு பொகவந்தலாவைக்கு ஒரு சடங்குக்கு வருகிறது. அதோடு புறப்பட்டு வந்து சேர். இது நான் சொல்கிறேன்.

வீரய்யா


மார்ல்வுட் தோட்டம்
13-2-1955

மச்சானுக்கு,

வேலாயி அக்கா வந்தது. தேத்தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

எழுத்தில் உங்களுக்கு என்ன சத்தம்! என்னை ஏசுவதற்குத் தொண்டை கட்டுவதில்லை. அந்தக் கடிதத்தை நான் அப்பாவுக்கு வாசிக்கவில்லை. "மாப்பிள்ள என்ன எழுதியிருக்காரு?" என்று கேட்டார். நாய் உட்கார்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

பேரை வெட்டுவார்கள் என்று பயங்காட்டுகிறீர்கள். எனக்குப் பயமில்லாமலா? கல்யாணமான நாளிலிருந்து நான் மெழுகிய காம்பரா அது. பிள்ளை பிறந்ததும் அங்கேதான். ஆனால் ஆளனுப்பிக் கூப்பிட்ட இடத்துக்கு நான் வந்தால், நாளைக்கு எனக்கே ஏதாவது ஒன்றென்றாலும் நீங்கள் ஆபீஸ் ஜன்னலடியில் போய் இறைச்சிதான் கேட்பீர்கள். அப்படி ஒருத்தரோடு இருப்பதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் அதிகப் பயமாக இருக்கிறது.

வெட்டினால் வெட்டட்டும். இங்கே பேர் பதியச் சொல்லிக் கங்காணியிடம் கேட்டுவைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தில் சொல் இல்லை.

நாகலெட்சுமி


டன்கார்ன் தோட்டம்
12-3-1955

நாகலெட்சுமிக்கு,

துரை வருகிற இருபத்துநாலாம் தேதி வருகிறார். பக்கத்தில் நட என்பதும் இல்லை, வா என்பதும் இல்லை. மூன்று சொல்லோடு அவர் முன்னால் நிற்கப் போகிறேன்.

ஒரு மாதமாகக் கடிதம் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழும்பிவிட்டேன். ஏசி எழுதியது தப்பு. இதற்குமேல் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

பிள்ளை நடக்கிறாளா?

வீரய்யா


டன்கார்ன் தோட்டம்
27-3-1955

நாகலெட்சுமிக்கு,

நீ பதில் போடவில்லை. போடாவிட்டாலும் இதை வாசி, முழுக்க வாசி.

நேற்றுச் சனிக்கிழமை பங்களா முற்றத்தில் விருந்து. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நாலு துரைமார், துரைசானிமார் எல்லோரும் தேத்தண்ணீருக்கு வந்திருந்தார்கள். கைஸரைக் கொண்டுவா என்றார் துரை. கொண்டுபோனேன். முதலில் என்னைச் செய்துகாட்டச் சொன்னார். தலைப்பாவைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக் குனிந்தேன். ஸிட்ஸ் என்றேன், உட்கார்ந்தது. ப்ளாட்ஸ் என்றேன், படுத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். என் நெஞ்சு நிறைந்துவிட்டது.

பிறகு துரை எழுந்து வந்தார். தலையில் தொப்பி, கையில் பிரம்பு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஸிட்ஸ்!" என்றார். முற்றமே அதிர்ந்தது. நாய் அவரைப் பார்த்தது. காதைச் சொறிந்தது. இரண்டாம் தரம் கத்தினார். வாலை ஆட்டியது. மூன்றாம் தரம் கத்தினார். துரையின் கழுத்து சிவந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கங்காணி முத்துலிங்கமும் ஆறு ஆள்களும் ஆபீஸிலிருந்து நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முற்றத்து ஓரத்தில் அவற்றை இறக்கிவைத்துவிட்டு, வழக்கம்போல ஏழு பேரும் தலைப்பாவைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக் குனிந்து, "சலாம் தொரை" என்றார்கள். நாய் சரேலென்று எழுந்து அவர்களை நோக்கிப் பாய்ந்தது. ஒரு துரைசானி கடிக்கப்போகிறதென்று அலறினார். அது ஏழு பேருக்கும் முன்னால் போய், முன்னங்காலை ஒழுங்காகச் சேர்த்துவைத்து, உட்கார்ந்துகொண்டது. அவர்கள் பயந்துபோய் இன்னும் குனிந்தார்கள். உடனே படுத்துக்கொண்டது.

எவரை வாசலில் தடுப்பதற்காக அதைக் கொழும்பிலிருந்து இறக்கினார்களோ, அவர்களுக்குத்தான் அது அப்படி மரியாதை செய்தது. விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துரை ஆள்களைப் போகச்சொல்லி மறுபடி வரச்சொன்னார். மறுபடியும் அதே கதை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது என் வாயைக் கவனிக்கவே இல்லை, நாகலெட்சுமி. நீ எண்ணி எண்ணித் தந்த சொல்லெல்லாம் வீண். தலைப்பா கக்கத்துக்குப் போனால் உட்கார வேண்டும், முதுகு வளைந்தால் படுக்க வேண்டும். நாலு மாதமாக நான் அதற்குப் படித்துக்கொடுத்தது அதைத்தான். பங்களா முற்றத்தில் வேறு எப்படி நிற்பதென்று எனக்குத் தெரியாது. அவ்வளவு பேருக்கு நடுவில் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நீ இங்கே இருந்தால் முதல் நாளே பார்த்துச் சொல்லியிருப்பாய்.

விருந்தாளிகள் போன பிறகு துரை என்னைக் கூப்பிட்டார். "என்னா மேன் வீரய்யா? நாய்க்கு என்னா படிச்சுக் குடுத்தது?" என்றார். இனி வேலை போனதுதான் என்று தெரிந்துவிட்டது. அதனால் உள்ளதைச் சொன்னேன். அவருக்கு நம்பிக்கையில்லை. செய்துகாட்டு என்றார். தலைப்பாவைக் கழற்றினேன், உட்கார்ந்தது. தலைப்பாவைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்று ஸிட்ஸ் என்றேன். அசையவில்லை. "நீங்களும் தொப்பியக் கழட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டுக் கொஞ்சம் குனியணுங்க, தொரை" என்றேன்.

துரை சுற்றுமுற்றும் பார்த்தார். குசினிக் கதவுக்குப் பின்னால் அப்பு நின்றது அவருக்குத் தெரியாது. மெல்லத் தொப்பியைக் கழற்றினார். கக்கத்தில் வைத்தார். குனிந்தார். கைஸர் உட்கார்ந்தது.

அவர் வெறுந்தலையோடு என் முன்னால் குனிந்து நிற்கிறார். என் தலைப்பா என் தலையில் இருக்கிறது. கழற்ற மறந்துபோனேன். அந்தக் கோலத்தில் எனக்கு என்ன வந்ததென்று தெரியாது, வாய் திறந்துவிட்டது. "தொரை, எனக்கு மூணு நாள் லீவு வேணுங்க. எம்பொஞ்சாதி புள்ளைய நானே போய்க் கூட்டியாரணும்."

துரை நிமிர்ந்தார். என் தலையைப் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்தார். பிறகு, "போ. மூணு நாள். திரும்பி வந்து மலைக்குப் போ. பங்களாவுக்கு வராதே" என்றார்.

மூன்று நாள் லீவு கேட்க எனக்கு ஐந்து மாதம் பிடித்திருக்கிறது.

பங்களா வேலை போய்விட்டது. இனிச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு மலையில்தான். மழையிலும் அட்டைக்கடியிலும் நிற்கத்தான் வேண்டும். ஆனால் மலையில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறது. கைஸரை இனி யார் பார்ப்பார்களோ. துரை இன்று காலையில் வராந்தாவில் தனியாக நின்று நாய்க்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தாராம், அப்பு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் புறப்பட்டு ஹட்டனில் மாறி, பின்னேரத்துக்குள் வந்துவிடுவேன். மாமா என்னை வாசலில் நிற்கவைத்து நாலு வார்த்தை கேட்பார். கேட்கட்டும். நீ வருவாயா மாட்டாயா என்று தெரியாமல்தான் வருகிறேன்.

வீரய்யா


மார்ல்வுட் தோட்டம்
30-3-1955

மச்சானுக்கு,

தபாலில் போட்டால் நீங்கள் புறப்படுமுன் கிடைக்காது என்று இதை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பாவா நானா கடையில் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். மாறும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

போன கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தில்தான். பிள்ளை நடக்கிறாளா என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காக நாலு தரம் காகிதத்தை எடுத்து நாலு தரம் வைத்துவிட்டேன். நடக்கிறாள். விழுகிறாள், அழாமல் எழுந்து மறுபடி நடக்கிறாள்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்தேன். ஏழு பேருக்கு முன்னால் நாய் படுத்த இடத்தில் சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. துரை தொப்பியைக் கழற்றிய இடத்தை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாஞ் சரி. காதுகுத்துக்கு வராத மனுசன், வாசல்ல தலப்பாவக் கழட்டிட்டு, தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான் உள்ள வரணும்" என்றார். நான் சொன்னேன், "தப்புன்னு சொல்லட்டும்பா. தலப்பா தலையில இருக்கட்டும். அவரு குனிஞ்சது போதும்." அவர் எழுந்து கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார். சம்மதம் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகவே கேளுங்கள். பாதையில் ஏறும்போது பழக்கத்தில் கை தலைக்குப் போகும். போகவிடாதீர்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் கோபம் முழுக்கத் தீரவில்லை. பிள்ளை வீறிட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதை உங்களிடம் நேரில் சொல்லி ஒருதரம் அழ வேண்டும். அப்புறம் வருகிறேன். பதினைந்தாம் தேதிக்கு முன்னாலேயே பெரட்டில் நின்று என் பேரை நானே சொல்கிறேன். மலையில் நீங்கள் கவ்வாத்து வெட்டினால் நான் அடுத்த மலையில் கொழுந்து எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் வரும்.

லீவு கேட்டுவிட்டால் கடைசிச் சொல்லைத் தருவதாகச் சொல்லியிருந்தேன். கைஸருக்கு அது இனி உதவாது. இருந்தாலும் வாக்கு வாக்குத்தான்.

அப்பா கோழியைக் கூப்பிடுகிறதைக் கேட்டுக் கேட்டு நம் பிள்ளை பேசப் பழகிவிட்டாள். அம்மா என்று இன்னும் சொல்லவில்லை, தாத்தா என்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே சொல் இதுதான். கோழிக்கும் சொல்கிறாள், பஸ்ஸுக்கும் சொல்கிறாள், பாதையில் போகிறவர்களைப் பார்த்தும் சொல்கிறாள்.

கொம். வா என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை நீங்கள் ஏறி வரும்போது அவள் படியில் நிற்பாள். உங்களை யாரென்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் கூப்பிடுவாள்.

நாகலெட்சுமி